எஸ்கைர்-வென் என்று மூன்று வீடுகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வியிலிருந்து. கேட்டவர் என் கணவர் இத்தெல். கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுவது அவர் தொழில். கேட்கப்பட்டவர் எலினெட் பியூ. அறுபது வயதைத் தாண்டியவர், கடற்கரை ஊர்க்காரர், இறந்துபோன அப்பாவுக்குக் கல் வெட்டச் சொல்ல எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கல்லில் என்ன வெட்ட வேண்டும் என்று எலினெட் தெளிவாகச் சொன்னார்: வில் பியூ, எஸ்கைர்-வென்.

(இங்கே வேல்ஸில் நாலைந்து குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டே எல்லாரும் காலம் தள்ளுகிறோம். ஆளைப் பிரித்துக் காட்டுவது அவர் வாழ்ந்த பண்ணையின் பெயர்தான். செத்த பிறகும் அது கூடவே வரும்.)

"எந்த எஸ்கைர்-வென்?" என்றார் இத்தெல்.

"எந்தன்னா? எங்க எஸ்கைர்-வென்தான்."

"இந்த ஜில்லாவுல மூணு இருக்கு, எலினெட். தப்பான வீட்டப் போட்டேன்னா அந்த வீட்டுக்காரன் வந்து உளிய எடுத்து என் தலையில வெட்டுவான்."

எலினெட் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியவர் அதைக் குடிக்காமலே கீழே வைத்தார். கடற்கரை ஊரில் அப்பா வாங்கிய வீட்டுக்கு எஸ்கைர்-வென் என்று பெயர். 'அதுதான் நம்ம இடம்' என்று அவர் சொல்லியிருக்கிறார். எந்த மலை, எந்தப் பள்ளத்தாக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகளும் கேட்டதில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'வெள்ளை முகடு என்று பொருள்படும் அந்தப் பெயரைத் தேடி, பனி கொட்டும் ஒரு காலையில், எலினெட் கண்ணீருடன் —'

அடித்துவிட்டேன். பனி கொட்டவில்லை, வழக்கமான மழைதான். கண்ணீரும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்:

'தந்தையின் வேர்களைத் தேடி ஒரு மகள் —'

இதையும் அடித்துவிட்டேன். எலினெட் வேர்களைத் தேடி வரவில்லை. தெரியும் என்று நினைத்திருந்த ஒன்று தெரியாது என்றான கோபத்தில் வந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"நீ வண்டிய ஓட்டு. எனக்கு மலை ரோடு ஆகாது. உன் புருஷன்தான இந்த வம்ப ஆரம்பிச்சு வெச்சான்?"

இப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

3

முதல் எஸ்கைர்-வென் ஒரு காடு. அரசாங்கம் நட்ட ஊசியிலை மரங்கள், வரிசை வரிசையாக. நடுவில் ஒரு புகைபோக்கி மட்டும் நின்றது. அங்கே வாழ்ந்தவர்கள் எல்லாரும் மோர்கன்கள் என்று அஞ்சல்காரர் சொல்லிவிட்டார். பியூ என்று யாரும் கிடையாது.

இரண்டாவது எஸ்கைர்-வென்னில் ஆட்கள் இருந்தார்கள். வெண்ணெய் தடவிய பழ ரொட்டி கொடுத்தார்கள். தங்கள் குடும்பத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்று பாட்டன் பூட்டன் காலம்வரை ஒப்பித்தார்கள். கிளம்பும்போது வீட்டுக்காரம்மா சொன்னார்: "உங்க அப்பா இங்கத்தவரா இருக்கணும்னு எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா இல்லியே, என்ன பண்றது?"

எலினெட் வண்டியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். பிறகு, "அந்தம்மா நல்லவ. எனக்கு அவளப் பிடிக்கல," என்றார்.

மூன்றாவதன் வாசலில் ஆங்கிலத்தில் 'வானம்பாடிக் குடில்' என்று பலகை தொங்கியது. விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு, பூட்டியிருந்தது. வழி தவறிவிட்டோம் என்றே நினைத்தோம்.

பக்கத்துப் பண்ணைக்காரர் மைரிக் வேலியோரம் வந்து நின்றார். வயதானவர், இத்தெலுக்குத் தெரிந்தவர்.

"என்ன கல்லுக்காரம்மா, எனக்கு அளவெடுக்க வந்தியா? நான் இன்னும் தயாராகல."

"உங்களுக்குக் கல்லு பத்தாது மைரிக், மலையத்தான் வெட்டணும். எஸ்கைர்-வென் எங்க இருக்கு?"

அவர் அந்தப் பலகையைப் பார்த்தார். "அங்கதான் நிக்கிற. பேர மாத்திட்டானுங்க. வாய்ல நுழையலியாம்."

4

மைரிக்கின் அடுப்படியில் நடந்ததை ஒழுங்காக எழுத முடியவில்லை. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் எலினெட் கடைசியில் அழுதுவிட்டார். உண்மையில் அவர் அழவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எலினெட் அப்பாவின் புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நடுவயதில், கடற்கரையில் எடுத்தது. மைரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த ஆள எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவ வந்தாரு. வைக்கோல் அறுப்பு சமயம். அங்க வாசல்ல நின்னு மோர் குடிச்சிட்டுப் போனாரு. போதகரோன்னு நெனச்சோம். அப்பிடி ஒரு தொப்பி."

"மோர் குடுத்தது யாரு?"

"ஜினி. ஜினி எஸ்கைர்-வென்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பொறந்தது பியூ. ஏழைகள் விடுதியிலேர்ந்து இங்க கொண்டாந்து விட்ட பொண்ணு. நாலு வயசுப் பிள்ளை. அந்த வீட்டுக்காரங்களுக்குக் கொழந்தை இல்ல, வளத்தாங்க. நல்லாத்தான் வளத்தாங்க. ஒரு அண்ணன் இருந்தான்னு சொல்லுவா. வில்லுன்னு பேரு. ஒரே நாள்ல ரெண்டு பேரையும் ரெண்டு வண்டியில ஏத்தினாங்களாம். அவன மலைக்கு அந்தப்பக்கம், பிளைன்-கூமுக்கு, பண்ணை வேலைக்கு."

"அவங்க தேடலியா?"

"கேட்டிருக்கா. பையன் தெக்க சுரங்கத்துக்குப் போயிட்டான், அங்க போன பசங்க திரும்புறதில்லன்னு யாரோ சொல்லிட்டாங்க. நம்பிட்டா."

எலினெட் கேட்டார்: "இப்ப எங்க இருக்காங்க?"

மைரிக் என்னைப் பார்த்தார். கல்லுக்காரன் மனைவிக்கு இந்த மாதிரிப் பார்வை பழக்கம். தேவாலயக் கல்லறைத் தோட்டம் இரண்டு வயல் தள்ளித்தான். இத்தெல் வெட்டிய கல் அல்ல, வேறு யாரோ வெட்டியது. ஜினியின் முழுப் பெயர் அதில் இருந்தது: ஜேன் பியூ, எஸ்கைர்-வென். கல்லில் இன்னும் பாசி பிடிக்கவில்லை.

எலினெட் ஆசிரியையாக முதல் பத்து வருடம் பாடம் நடத்திய பள்ளிக்கூடம், மலையைச் சுற்றிக்கொண்டு போனாலும், அங்கிருந்து அரை மணி நேரம்தான். அவருக்கு ஒரு அத்தை இருந்திருக்கிறார். சந்தையில் ஒருவேளை அவரை —

(அந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. எலினெட் வீட்டுக்குப் போய் எத்தனை விதமாக முடித்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.)

5

இனி நான் இட்டுக்கட்ட வேண்டிய இடம். ஒரு மனிதன் தங்கையைக் கண்டுபிடிக்கிறான். மலையேறிப் போகிறான். அவள் கையால் மோர் வாங்கிக் குடிக்கிறான். யாரென்று சொல்லாமல் திரும்புகிறான். ஏன்?

அ. அவள் நிம்மதியாக இருப்பதைப் பார்த்தான். கலைக்க மனம் வரவில்லை.

ஆ. வண்டிகள் பிரியும்போது 'வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்' என்று சத்தியம் செய்திருந்தான். வந்தது முப்பது வருடம் கழித்து. வெட்கம். (சத்தியம் என் கற்பனை. ஆதாரம் எதுவும் இல்லை.)

இ. 'நான் வில்' என்று சொல்லி, அவள் 'எந்த வில்?' என்று கேட்டுவிட்டால்? அதற்குப் பயந்தான்.

இந்தப் பக்கங்களை எலினெட்டிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"முதலாவது வேணாம். எங்கப்பாவ ரொம்ப நல்லவராக்கிட்ட. அவ்ளோ நல்லவர் இல்ல அவரு. ரெண்டாவது நாடகம்."

"மூணாவது?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அறுபது வருஷம் எங்களுக்குப் பொய் சொல்லியிருக்காரு. அந்த வீட்டுல ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்ல அந்த மனுஷன். நான் பள்ளிக்கூடத்துல 'நாங்க எஸ்கைர்-வென்காரங்க'ன்னு பெருமை அடிச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்."

இத்தெல் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொய்யில்ல எலினெட். 'நம்ம இடம்'னுதான சொன்னாரு? 'நான் பொறந்த இடம்'னு சொல்லலியே. தங்கச்சி இருந்த எடத்த நம்ம எடம்னு சொல்லிக்கிட்டாரு."

அப்போதுதான் எலினெட் அழுதார். இத்தனை வரைவுகளில் நான் அழவைத்த எந்த இடத்திலும் இல்லாமல், கல் தூசிக்கு நடுவே, மூக்கைச் சிந்திக்கொண்டு, எங்கள்மேல் எரிச்சலோடு.

6

கல்லில் பண்ணைப் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்த வீட்டுக்காரர்களே தூக்கிப் போட்ட பெயர்தான், எடுத்துக்கொள்ளலாமே என்று இத்தெல் சொல்லிப் பார்த்தார். எலினெட் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கல்லில் இருப்பது இதுதான்: வில் பியூ, ஜினியின் அண்ணன்.

இத்தெல் எத்தனையோ கல் வெட்டியிருக்கிறார்; இப்படி ஒரு வரி வெட்டியதில்லை. கடற்கரை ஊரில் இதைப் படிக்கிறவர்கள் 'எந்த ஜினி?' என்று கேட்கிறார்கள். எலினெட் சொல்கிறார். யார் கேட்டாலும் முழுவதையும் சொல்கிறார்.

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும்.

7

கல் நட்ட அன்று மைரிக் வந்திருந்தார். பழைய கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி. எல்லாரும் கலைந்த பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு அடுப்படியில ஒண்ணு சொல்லல. அந்தப் பொம்பள மொகத்தப் பாத்துட்டு வாய் வரல."

"என்ன?"

"அன்னைக்கு நான் பக்கத்து வயல்ல டிராக்டர்ல இருந்தேன். மோர் குடிச்சிட்டு அவரு கிண்ணத்தத் திருப்பிக் குடுத்தாரு. ஜினி ஏதோ கேட்டா. காதுல விழல. ஆனா என்ன கேட்டிருப்பா? வேத்தாளப் பாத்தா நாம எல்லாரும் கேக்குறதுதான். 'எந்த வீடு நீங்க?'ன்னுதான் கேட்டிருப்பா."

நான் மனதுக்குள் வருடக் கணக்குப் போட்டேன். ஜினியைப் பார்க்கப் போகும் முன்பே வில் கடற்கரை வீட்டை வாங்கி எஸ்கைர்-வென் என்று பெயர் வைத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த நேரான பதில் ஒன்றே ஒன்றுதான்.

"அவர் என்ன சொன்னாரு?"

"டிராக்டர் சத்தம். வாய் அசஞ்சது. பெருசா ஒண்ணும் பேசல, ஒரு வார்த்தை. அவ சிரிச்சிட்டா. வாய் விட்டு, நல்லாவே சிரிச்சா. அவரும் சிரிச்சாரு. அப்புறம் தொப்பியப் போட்டுக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு."

உண்மையைச் சொல்லி, அவள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாளா? ('என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே எஸ்கைர்-வென்காரன்னு சொல்றீங்களே!') இல்லை, வேறு ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்லிச் சமாளித்தாரா? எலினெட்டிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.

பதிலை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுதான் நடந்தது என்றாகிவிடும். இடம் மட்டும் விடுகிறேன்.

"எந்த வீடு நீங்க?" என்று ஜினி கேட்டாள்.

"                    " என்றார் வில்.

நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வரியில் அவள் சிரித்தாக வேண்டும். அது நடந்தது.