மறுபூசை முடியாத செயின் பிளாக்

தம்பிதுரையின் ஷெட்டில், பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்குக்கு அப்பியிருந்த சந்தனத்தை வழித்தெடுத்தால், கிணத்துக்கடவில் நாலு கல்யாண வரவேற்பை நடத்திவிடலாம். மின்கம்பி வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் அவர். ஆயுத பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூசை போடாமல் எவனும் தொடக்கூடாது. சாமியே வந்து கேட்டாலும் வரிசையில் நிற்க வைப்பார்.

பூஜையன்று மத்தியானமே ஒரு தென்னந்தோப்பு டிரான்ஸ்பார்மர் புகைந்துபோனது. தோப்புக்காரர் போட்ட போனில் தம்பிதுரையின் காது பழுத்தது. அவரிடம் வருடக்கணக்காகக் கம்பம் ஏறும் சென்னியப்பனைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, புது டிரான்ஸ்பார்மரு அரை டன்னுங்க. செயின் பிளாக் இல்லாம மேல ஏத்த முடியாதுங்க.”

“பூசையில இருக்கறதை எடுக்கச் சொல்றியா கண்ணு? டிராக்டர்ல கயித்தைக் கட்டி இழு. எங்கப்பன் காலத்துல யானையவே அப்படித்தான் ஏத்துனாங்க.”

“அந்த யானை முழுசா எறங்குச்சுங்களா?”

ஷெட்டே குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூடக் கயிறு வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னியப்பனும்தான். நாளைக்குச் செய்யலாம் என்றால் நாளை முதல் வேறொருவன் கம்பம் ஏறுவான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மின்சாரத்தை நிறுத்தினார்கள். டிரான்ஸ்பார்மரைத் தாங்கும் இரண்டு கம்பங்களுக்கும் குறுக்கே இருந்த இரும்புச் சட்டத்தின் மேல் கயிறு ஓடியது. டிராக்டர் உறும, டிரான்ஸ்பார்மர் குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒருபக்கம் சாய்ந்தபடி எழும்பியது. அது கம்பத்தில் இடிக்காமலிருக்க, சென்னியப்பன் கீழே நின்று கையால் தள்ளினான். சட்டத்தின் விளிம்பு கயிற்றை அறுத்தது. அவன் துள்ளி விலகினான். இடது கால் விலகவில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

தம்பிதுரை ஒரு பை ஆப்பிளோடு வந்தார். “பூசை போட்ட புண்ணியம், உசுரு நின்னுச்சு பாரு.”

“பூசை உங்க செயினுக்குப் போட்டீங்க. இவரு காலுக்கு யாருங்க போட்டா?” என்றாள் சென்னியப்பனின் மனைவி ராசாத்தாள்.

அவர் காதில் விழாதவர்போலக் குனிந்தார். “விசாரிக்க ஆபீசருங்க வருவாங்க. நீயாத்தான் கயித்தைக் கட்டுனேன்னு சொல்லிப்போடு கண்ணு. பொறவு உன்னைய நான் பார்த்துக்கறேன்.”

சென்னியப்பன் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். இனி எந்தக் கம்பமும் அவனுக்கு இல்லை. அதனால் பயமும் இல்லை.

“கட்டுனது நான்தானுங்க. கட்டச் சொன்னது நீங்கன்னு அதையும் சேத்தியே சொல்லிப்போடறேனுங்க.”

தம்பிதுரை எழுந்தார். ஆப்பிள் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.