அலுமாரியில் இருந்த கடிதம்

கப்பல் ஒரு மணி பிந்தினாலும் எழுத்தில் விளக்கம் கேட்ட மனிதர் சோமசேகரம். துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் அப்படித்தான் இருந்தார். அவரே ஒரு கடிதத்தை ஏழு மாதம் அலுமாரியில் பட்டு வேட்டிக்கடியில் வைத்திருந்தார்.

மனைவி பூரணிக்கு நாலு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்தார்கள். ஊருக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லியாயிற்று. தையில் அவளுக்கு இடுப்பு நோகத் தொடங்க, கண்டிக்குப் போய் எலும்பு ஸ்கேன் எடுக்கும்படி டொக்டர் கடிதம் கொடுத்தார். மகள் பிரசாந்தினிக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம் அது.

"தாய்க்குப் புற்றுநோய் எண்டால் மகளுக்கும் வரும் எண்டு மாப்பிள்ளை வீட்டார் கதைப்பினம். கலியாணம் முடியட்டும்," என்றார் சோமசேகரம்.

கலியாணத்தன்று பூரணி இடுப்பில் தைலம் பூசிக்கொண்டு மணவறைக்கருகே நிமிர்ந்து நின்றாள்.

ஆவணியில்தான் கண்டிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் பூரணியின் கையில் ஊசி ஏற்றிய நப்லா என்ற பெண் விளங்கப்படுத்தினாள்.

"இந்த மருந்து எலும்பில போய்ச் சேரும் ஐயா. நோய் இருக்கிற இடத்தில கூடுதலாச் சேரும். கமரா அதைக் கறுப்பாய்க் காட்டும்."

மூன்று மணி நேரம் தண்ணீர் குடித்தபடி காத்திருந்துவிட்டுப் பூரணி கமராவின் கீழ் படுத்தாள். படத்தில் இடுப்பும் முதுகும் இரண்டு விலாவும் கறுத்திருந்தன. அங்கிருந்த டொக்டர் கடிதத்தின் திகதியைப் பார்த்தார். "தையிலயே வந்திருந்தால் அப்பவே மருந்து தொடங்கியிருக்கலாம்," என்றார்.

மறுநாள் ஓர்ஸ் ஹில்லில் இருந்த அவர்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையின் தாய் சிவாஜினி வந்தார். ஸ்கேன் படம் கதிரையில் கிடந்தது. சோமசேகரம் அதை மறைக்க எழும்புவதற்குள் சிவாஜினி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"எலும்பு ஸ்கேன். நானும் ரெண்டு தரம் எடுத்தனான் அண்ணை. எனக்கும் மார்பிலதான்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே!"

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் மானம் மரியாதை பாக்கிற குடும்பம். தெரிஞ்சால் சம்பந்தத்தை விட்டிடுவியள் எண்டு பயந்திட்டம்."



"தேத்தண்ணி போடட்டோ?" அறைக்குள்ளிருந்து பூரணி கேட்டாள். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வரும் சத்தம் கேட்டது.

"நீர் இரும், நான் போடுறன்," என்று சோமசேகரம் உள்ளே போனார்.

குசினியில் ஒரே மாதிரி ஐந்து போத்தல்கள் இருந்தன. தேயிலை எதில் என்று அவருக்குத் தெரியவில்லை. இதுவரை தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததுமில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.