ஞானசவுந்தரி மறுபடியும் வள்ளம் ஏறினாள்

2002 கார்த்திகையில் அனலைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வள்ளமொன்று வாடைக்காற்றில் கவிழ்ந்தது. அதில் வந்த மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். வள்ளம் குலசிங்கத்தினுடையது; ஓட்டிவந்தவனும் அவன்தான். அதற்கடியில் அகப்பட்டுக் கிடந்தவள் அவன் மனைவி ஞானசவுந்தரி.

அவள் மருத்துவமாது. கிழமையில் இரண்டு நாள் அனலைதீவுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பாள். கலியாணமான ஆறு வருடமும் புருஷனின் வள்ளத்தில்தான் போய்வந்தாள். கடலில் விழுந்து வந்த காய்ச்சல் மாறி வேலைக்குக் கிளம்பிய முதல்நாள், வள்ளத்தின் விளிம்பைத் தொட்டதும் கைகால் நடுங்கியது. மூச்சு முட்டியது. துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களில நம்பிக்கை இல்லாமல் இல்லை. உடம்பு சொல்வழி கேக்குதில்லை" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் குலசிங்கம். ஆனால் அன்று அவன் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

இரண்டு மாதம் அவளுக்குப் பதிலாக வேறொருத்தி போனாள். பிறகு இருவரும் யாழ்ப்பாணத்தில் மனநல டொக்டர் ஜெயந்தாவிடம் போனார்கள்.

"பயம் அழியாது, மிஸ்ஸி. அதுக்குப் பக்கத்தில மூளை புதுசா ஒரு பாடம் எழுதோணும்" என்றார் டொக்டர். "கவிழும் எண்டு பயந்து இருக்கேக்க கவிழாமல் விட்டால், மூளைக்கு அது எதிர்பாராத நல்ல சேதி. அப்ப டோபமின் எண்ட இரசாயனம் ஒண்டு சுரக்கும். புதுப்பாடம் பதியிறதுக்கு அது உதவும்."

குலசிங்கத்துக்கும் ஒரு கட்டளை இருந்தது. "நீங்கள் கதை சொல்லிப் பராக்குக் காட்டக் கூடாது. அவ பயப்படட்டும். பயந்தது நடக்கேல்லை எண்டதை அவவே காணோணும்."

அன்றிலிருந்து பின்னேரங்களில் கட்டிப் போட்ட வள்ளத்தில் இருவரும் போய் இருந்தார்கள்.

"என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீர்?" என்று அவன் கேட்பான்.

"கவிழும்."

கால்மணி நேரம் பேசாமல் இருப்பார்கள். "இப்ப என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள். பிறகு இயந்திரத்தை முடுக்கினார்கள். வீட்டிலும் அவனுக்கு அந்தக் கேள்வியே பழக்கமாகிவிட்டது. "இந்தக் கூழைக் குடிச்சால் என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீர்?" என்று ஒருநாள் கேட்டான்.

"குடிக்காவிட்டால் பட்டினிதான் நடக்கும்" என்றாள்.

சித்திரை பிறக்கும்போது அவள் அனலைதீவுக்குப் போய்வரத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த வருடம் ஆனியில் நெடுந்தீவில் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கைக்குக் கலியாணம். குறிகட்டுவான் துறையிலிருந்து பெரிய படகில் போகவேண்டும். சனநெரிசல், டீசல் மணம். ஒரு காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றாள். அதே நடுக்கம், அதே மூச்சுமுட்டல். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, குலசிங்கம் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினான். படகு அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

"பழகினதெல்லாம் வீணாப்போச்சு" என்று அழுதாள்.

குலசிங்கம் அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். "ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டீரே? என்ர வள்ளத்தில மட்டும் நீர் பயமில்லாமல் இருக்கிறீர் எண்டு எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. பிழைதான்."

அவள் அவன் தோளில் ஓர் அடி போட்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

டொக்டர் கேட்டுவிட்டு, "வீண் போகேல்லை" என்றார். "நீங்கள் படிச்சது உங்கட துறையில, உங்கட வள்ளத்தில. இடம் மாறினால் பழைய பயம் முன்னுக்கு வரும். கனநாள் விட்டாலும் வரும். வந்தால் அந்த இடத்திலையும் படிக்கிறதுதான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் குறிகட்டுவானுக்குப் போனார்கள். முதலில் பக்கத்திலிருக்கும் நயினாதீவுக்கு, பிறகு நெடுந்தீவுக்கு. வேறொருவன் ஓட்டும் படகில் குலசிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சுக்கானை இப்பிடியோ பிடிக்கிறது?" என்று தொடங்குவான்.

"பேசாமல் இருங்கோ. எனக்குப் பயப்பட நேரம் வேணும்" என்பாள் அவள்.

நெடுந்தீவுக்கான மூன்றாவது பயணத்தில், நடுக்கடலில் ஒரு பெரிய அலை படகைத் தூக்கிப் போட்டது. ஞானசவுந்தரியின் கை வலித்தது. குனிந்து பார்த்தாள். இறுக்கிப் பிடித்திருந்தது அவளல்ல, அவன்.

"என்னப்பா?" என்றாள்.

"அண்டைக்கு உம்மைக் கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியில தேடேக்க ரெண்டுதரம் என்ர கையில வெறும் தண்ணிதான் வந்தது" என்றான். இத்தனை நாளும் அதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தங்கை வீட்டில் மீன்குழம்போடு சாப்பிட்டுவிட்டு, பின்னேரப் படகில் திரும்பினார்கள்.

அந்த வருட வாடைக்காற்றில் அவளுக்குப் பயம் இன்னொருதரம் வந்தது. இரண்டு பின்னேரம் கட்டிப் போட்ட வள்ளத்தில் அவனோடு போய் இருந்தாள். மூன்றாம் நாள் அனலைதீவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி காத்திருந்தாள். ஞானசவுந்தரி பையை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள்.