ஃப்ரீசரில் வைத்த உயில்

ஆல்பியின் உயில் அவர் வீட்டு ஃப்ரீசரில் இருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவுக்குள், ஆட்டுக்கறிக்கு அடியில். வீடே தீப்பிடித்தாலும் அது எரியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். வக்கீல் அலுவலகத்தில் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்துப் பண்ணை வெர்னா. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த உயிலில் ஒரு குறையும் இல்லை.

பெரில் சாகும்வரை வீட்டில் இருக்கலாம், பண்ணை ட்ரூடிக்கு. அவ்வளவுதான் அதில் இருந்தது. ட்ரூடி ஆல்பி பெற்ற பெண் இல்லை. அவரோடு வாழ்ந்த பெரிலின் மகள். ஆறு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், நாற்பதைத் தாண்டியும் விடியுமுன் கறவைக் கொட்டகையில் நிற்கிறாள். மாடுகளும் அந்தச் செம்மண்ணும்தான் அவளுக்கு உலகம். ஆல்பி பெற்ற மகன் கிரெய்க் நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதோடு சரி. ஆல்பியும் பெரிலும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டாஸ்மேனியாவின் எங்கள் மூலையில் யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் கல்யாணத்துக்குப் பிடிவாதம் பிடித்தவள் ட்ரூடிதான்.

"அடக்கத்தன்னைக்கு அம்மா 'கூட இருந்தவ'ன்னு நிக்கக்கூடாது வெர்னா. பொண்டாட்டியா நிக்கணும்."

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே பதிய வேண்டும் என்பது சட்டம்; அலைந்து திரிந்து அந்தக் கெடுவைக் குறைக்க வைத்தாள். கேக்கும் அவளே செய்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆல்பி டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்னடி அவசரம், பெரில்?"

"தேறுவியான்னு பாத்தேன். தேறல. அதான் கட்டிக்கிறேன்."

நர்ஸ்கள்கூடச் சிரித்தார்கள். மோதிரம் போட்ட கையோடு ஆல்பி ட்ரூடியைக் கூப்பிட்டார்.

"டப்பா பத்திரமா இருக்கா, பொண்ணே?"

"கறிக்கு அடியிலதான் இருக்கு. கவலைய விடு, ஆல்பி."

அங்கேயும் நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமே அவரைப் புதைத்தோம்.

பழைய வக்கீல் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் ஓர் இளம்பெண் இருந்தாள். உயிலைப் படித்தாள், கல்யாணச் சான்றிதழைப் படித்தாள், மறுபடி உயிலின் தேதியைப் பார்த்தாள்.

"கல்யாணம் உயிலுக்கு அப்புறமா நடந்தது?"

"ஆமா, போன மாசம்," என்றாள் ட்ரூடி.

"கல்யாணம் பண்ணினா அதுக்கு முன்னாடி எழுதின உயில் செல்லாதுங்க. மனைவிக்கு எழுதினது மட்டும் நிக்கும். உங்களுக்கு எழுதினது போயிடுச்சு."

"எங்கம்மாவைத்தானே கட்டினார்?"

"யாரைக் கட்டினாலும் சட்டம் அதுதான். இந்தக் கல்யாணத்தை மனசுல வெச்சு எழுதினதுன்னு ஒரு வரி இருந்திருந்தா தப்பிச்சிருக்கும். இல்லன்னா அன்னைக்கே புதுசா ஒண்ணு எழுதியிருக்கணும். இப்ப சொத்து அம்மாவுக்கும் கிரெய்க்குக்கும்தான். வழக்குப் போடலாம். ஆனா அவர் உங்களைத் தத்தெடுக்கல. ஜெயிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஊரறிய ஒருவன் என்ன நினைத்தான் என்று காகிதத்தில் இருக்கிறது, அதை ஒரு கேக் துண்டும் மோதிரமும் அழித்துவிடுமாம்!

பெரில் மோதிரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பால் கறந்து வீங்கிய விரல்; முட்டியைத் தாண்டவில்லை.

"இந்தக் கல்யாணத்தை ரத்து பண்ணிக் குடும்மா. எனக்கு வேண்டாம்."

"முடியாதுங்க," என்றாள் அந்தப் பெண், மெல்லிய குரலில்.

கிரெய்க் கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "நான் கேட்டு வாங்கல வெர்னா, சட்டம் குடுக்குது. பெர்த்துல இருந்துக்கிட்டு மாடு மேய்க்க முடியுமா?" என்று போனில் கேட்டான். அம்மாவின் பங்கை வைத்து அவன் பங்கை வாங்க ட்ரூடி முட்டி மோதினாள். எந்த வங்கியும் கடன் தரவில்லை. பண்ணை விலைக்குப் போனது.

மாடுகளை ஏற்ற லாரி வந்த அன்று கல்லறைக்கல் செதுக்குகிறவனும் போன் செய்தான். என்ன எழுத வேண்டும் என்று கேட்டான். போனை எடுத்தவள் பெரில்.

"பேரும் தேதியும் போதும். 'பெரிலின் கணவர்'னு போடாதே."

ட்ரூடி சாணி அப்பிய பூட்ஸோடு சமையலறைக்குள் வந்தாள். அம்மா கையிலிருந்து போனை வாங்கினாள்.

"போடுங்க. பெருசா போடுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு பண்ணையே குடுத்திருக்கோம்."

போனை வைத்துவிட்டு, மிச்ச மாடுகளை ஏற்றப் போனாள்.