மாடிப்படி சுவிட்ச்

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மாடி வீட்டுக்காரி தன் மின்சார சைக்கிளின் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரியவில்லை. பத்து நாளில் இது மூன்றாவது முறை. பக்கத்தில் அவள் புருஷன், மிக்ஸி ரிப்பேர்க்காரர், தலையைப் படிய வாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஸ்கூட்டரைக் கிளப்பித் தயாராக நின்றார். பழுது தெரிவதற்கு முன்பே உதவிக்கு வந்து நிற்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"பேட்டரி போயிருக்கும். நான் அன்னைக்கே சொன்னேன். ஏறு, நேரமாகுது."

அவள் வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களுக்குப் பத்து நிமிடம் தாமதமானாலும் கோபம் தலைக்கேறிவிடும். பதினோரு வருடமாக இவர்தான் கூட்டிப்போய், ஒவ்வொரு வாசலிலும் காத்திருந்து, கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்புவார். போன மாதம் சைக்கிள் வந்தது. ஸ்கூட்டர் நுழையாத சந்தெல்லாம் அவளுக்கு வழியாயிற்று. எட்டு வீடு பன்னிரண்டானது. மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறுகிறாளே என்று தெருவில் மூன்று பேர் விலை விசாரித்துவிட்டார்கள், என்னையும் சேர்த்து. இவருக்கு மட்டும் காலை நேரம் காலியாகிவிட்டது. கழுவிய ஸ்கூட்டரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

சார்ஜர் மாட்டுவது மாடிப்படிக்குக் கீழே, என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. எட்டிப் பார்ப்பது என் வழக்கமில்லை; பார்வை தானாகப் போனால் நான் என்ன செய்ய? முந்தின நாள் சாயங்காலம் அவள் சார்ஜ் போட்டுவிட்டு மேலே போனதும், இவர் காலாற நடப்பதுபோல் இறங்கிவந்தார். ஊரார் மிக்ஸிக்கெல்லாம் உயிர் கொடுக்கும் கை, சுவிட்சைத் தட்டி அணைத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தையற்காரியிடம் சொன்னது கணக்கில் வராது.

இப்போது அவள் எரியாத சைக்கிளைப் பார்த்தாள். அவர் சட்டை மடிப்பைப் பார்த்தாள்.

"என்னங்க, மிக்ஸி ஓடலன்னா மொதல்ல எதப் பாப்பீங்க?"

"பிளக்கு... சுவிட்சு..." குரல் பாதியில் இறங்கிவிட்டது.

நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். காதை மட்டும் இழுக்க முடியவில்லை.

"நான் இல்லாம போரடிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"போரெல்லாம் இல்ல. அந்த வீட்டுல என்ன சொன்னாங்க, இந்த வீட்டுல என்ன சொன்னாங்கன்னு பேசிட்டே வருவ. இப்ப நீ பாட்டுக்குப் போயிடற."

அவள் ஸ்கூட்டரில் ஏறினாள்.

அன்று சாயங்காலம் சுவிட்சை யாரும் தொடவில்லை, சாட்சி நான். மறுநாள் காலை அவள் சைக்கிளில் உட்கார்ந்து, பின்னால் கேரியரைத் தட்டினாள்.

"ஏறுங்க."

"பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"கீழ்வீட்டு அக்காவத் தவிர யாரு பாக்கப் போறாங்க?"

ரத்தக் குப்பிகளுக்கான ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஏறினார். கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டார். மேட்டில் ஏறும்போது அவள் ஏதோ சொல்ல, கேட்பதற்காக முன்னால் சாய்ந்தார். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த வலது கை மட்டும், இல்லாத ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே போனது.