ஏழாம் நிமிடச் சிகரம்

மாமா இறந்துபோன பிறகு அக்கா ஏழு மாதம் சரியாகத் தூங்கவில்லை. ரொட்டிக்கூடத்தில் அதிகாலை வேலையை முடித்து, கையில் மாவு வாசனையோடு மதியம் வந்து படுப்பாள். கண் மூடாது. யாரோ சொல்லி மூலிகைத் தூக்க மாத்திரை ஒரு புட்டி வாங்கினாள். அன்றிலிருந்து தூங்கினாள், மாமாவும் கனவில் வர ஆரம்பித்தார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. கட்டில் ஓரத்துல உக்காந்து நகம் வெட்டிக்கிட்டு இருக்காரு. துண்டையெல்லாம் தரையிலதான் போடறாரு. இருந்தப்பவே சொன்ன பேச்சு கேக்கல, இப்பவா கேக்கப் போறாரு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! எனக்கோ அந்தப் புட்டியின் மேல் சந்தேகம் வந்தது. என் பிழைப்பு அப்படி. மூலிகை மாத்திரைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். மாத்திரையைப் பொடித்து மெத்தனால் திரவத்தில் கலக்கி, வடிகட்டி, ஊசி வழியாகக் கருவிக்குள் செலுத்துவோம். உள்ளே பொருள்கள் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் நேரத்துக்கு ஒரு சிகரமாகத் திரையில் எழும். அக்காவின் புட்டியில் எழுதியிருந்த வேரின் சத்து பதினொன்றாம் நிமிடத்தில் வரும். சிலர் திருட்டுத்தனமாகக் கலக்கும் ரசாயனத் தூக்க மருந்து ஏழாம் நிமிடத்தில் வரும்.

புட்டியிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு இடைவேளையில் ஆய்வகம் காலி. குளிர்சாதனத்தின் முனகலில் கண் சொக்கியது. திரையில் பச்சைக்கோடு நிதானமாக ஊர்ந்தது. ஏழாம் நிமிடத்தில் கோடு விறுவிறுவென்று ஏறி இறங்கியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது? கருவியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, அது மூலிகை இல்ல. தூக்க மருந்து கலந்திருக்கான். நீ பாக்கறதெல்லாம் அந்த மருந்தோட வேலை."

அவள் எழுந்தாள். புட்டியை அலமாரியின் உச்சியில் தூக்கி வைத்தாள். "அப்ப அவர் வரல," என்றாள். அன்று மதியம் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். மறுநாளும் அப்படியே. உண்மையைத்தானே சொன்னோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் தலைமை ஆய்வாளர் கருவியின் ஓட்டப் பட்டியலோடு வந்து நின்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெறுங்கரைசல். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் ஒன்றும் கலக்காத மெத்தனாலை ஓட்டச் சொல்லி உயிரை வாங்குவார்.

"எண் போடாம ஒண்ணு ஓடியிருக்கே, யாரோடது?"

"என்... எங்க அக்காவோட மாத்திரை, சார்."

"அதுக்கு முன்னாடி என்ன ஓடியிருக்குன்னு பாத்தியா?"

பார்த்தேன். காலையில் வேறொரு புகாருக்காக அதே தூக்க மருந்தின் அசல் கரைசலை நானே ஓட்டியிருந்தேன், அதுவும் கெட்டியாக. அதன் மிச்சம் ஊசியில் ஒட்டியிருந்திருக்கிறது. அவசரத்தில் வெறுங்கரைசலை விட்டுவிட்டேன்.

"மறுபடி ஓட்டு. நான் பாக்கல," என்று அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கருவியைக் கழுவினேன். வெறும் மெத்தனால் நேர்கோடாக ஓடி முடிந்தது. பிறகு மீதியிருந்த மாத்திரை. ஏழாம் நிமிடம் வந்தது, கோடு அசையவில்லை. இந்த முறை எழுந்திருக்காமல் காத்திருந்தேன். பதினொன்றாம் நிமிடமும் வந்தது. அப்போதும் கோடு அசையவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருபது நிமிடமும் தூங்கும் குழந்தையைப் போல ஒரே கோடு. வடிகட்டியில் கரையாமல் தங்கியிருந்தது வெள்ளை மாவு மட்டும்.

வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கியது.

"அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன். அதுல தூக்க மருந்து இல்ல."

"அப்ப மூலிகைதானா?"

"மூலிகையும் இல்ல. வெறும் மாவு. உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். என்னையோ, விற்றவனையோ. அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாவுன்னா, நான் தினம் பிசையற மாதிரி மாவா?"

"அதேதான்க்கா."

"அதுல ஒண்ணுமே இல்லையா? நல்லா பாத்தியா?"

"கடைசி வரைக்கும் பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப அவரைக் கூட்டிட்டு வந்தது யாருடி?"

ஒரு மாதிரியில் இல்லாததை இல்லை என்று எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அது தெரிந்தும் சொன்னேன்.

"யாரும் கூட்டிட்டு வரலக்கா. அவரேதான் வந்திருக்காரு."

அவள் என் தோளில் முகம் புதைத்து, மாமா போன நாளில்கூட அழாத அழுகையை அழுது தீர்த்தாள். நானும் அழுதேன். பிறகு முகம் கழுவி வந்து, மாத்திரை எதுவும் போடாமல் படுத்துக்கொண்டாள்.