பெல்ட் படாத இடம்

சட்டையின் கடைசிப் பொத்தான் கழற மறுத்தது. மகேந்திரராஜா பொறுமையிழந்து இழுக்க, அது தெறித்து மேசைக்கடியில் ஓடியது.

"ஆறுதலாச் செய்யும் தம்பி. இங்க ஆர் எங்களைத் துரத்துகினம்?" என்றார் கணேசலிங்கம்.

துரத்தத்தான் செய்தார்கள். செத்தவரைச் சொந்தக்காரரே குளிப்பாட்டுவார்கள் என்பதை சவங்களைப் பொறுப்பெடுத்து அடக்கம் செய்யும் பிளாக்டவுன் மலர்ச்சாலைக்காரன் அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டான். மத்தியானத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று இரண்டு வாளி வெந்நீரைக் கொடுத்துவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் சிட்னியில் ஒரு தமிழ்ச் செத்தவீட்டுக்கு ஐயர் எங்கே கிடைப்பார்? கணேசலிங்கம் வங்கியில் வேலை பார்ப்பவர். தேவாரம் பாடத் தெரிந்த பாவத்துக்கு அன்று அவரே ஐயரானார்.

மேசையில் கிடந்தது மகேந்திரராஜாவின் அண்ணன் வரதராஜா. வயது நாற்பது ஆகவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருடம். வயிற்றுக்குள் ஒரு ரப்பர் குழாயை வைத்து, அதன் வழியாகப் பையிலிருந்து மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து அழுக்கோடு வெளியே எடுப்பார்கள். வீட்டிலேயே செய்யலாம். அண்ணி சிவமணி ஒரு நாளைக்கு நாலு தரம் செய்தாள். கடைசியில் வயிற்றுக்குள் கிருமி பரவி அண்ணன் போய்விட்டான்.

குழாய் வைத்த கதையை, மெல்போர்னில் இருந்த தனக்கு அண்ணன் ஃபோன் எடுத்துச் சிரித்துச் சிரித்துச் சொன்னது மகேந்திரராஜாவுக்கு நினைவிருந்தது. அறுவை செய்யும் சேர்ஜன் முதல் நாளே வந்து, காற்சட்டையையும் பெல்ட்டையும் போடச் சொல்லி, இருக்க வைத்து, குனிய வைத்து, பெல்ட் படாத இடமாகப் பார்த்து நீல மையால் புள்ளி வைத்தாராம். "தையல்காரன் தோத்துப் போனான் மகேன்." அடுத்த நாள் தொப்புளுக்குக் கீழே கீறி, குழாயை உள்ளே இறக்கி, மறுமுனையைத் தோலுக்கடியால் கொண்டுவந்து அந்தப் புள்ளியில் வெளியே எடுத்தார். குழாயில் இரண்டு இடத்தில் கம்பளிபோல ஒரு சுற்று இருக்கும். அதற்குள் சதை வளர்ந்து இறுக்கிக்கொண்டால் கிருமி உள்ளே போக வழியில்லை. அந்த வாசலில் மட்டும் எதுவும் உரசக்கூடாது என்று சேர்ஜன் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

மகேந்திரராஜா குழாய் வாசலை மூடியிருந்த பஞ்சுக்கட்டை அகற்றினான். அதற்குச் சற்றுக் கீழே, சாரத்தின் மடிப்புக்குள் மறைந்து, ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, சேர்ஜன் வந்து பார்க்கும் முன், தாதி கத்தரிக்கோலால் அண்ணனின் அரைஞாணை அறுத்து எறிந்துவிட்டாள். அதையும் அண்ணனே சொல்லியிருந்தான். இது புதுசு. முடிச்சில் சிறிய வெள்ளித் தாயத்து. கயிறு பதிந்திருந்த தடம் இடுப்பைச் சுற்றி வந்து, சரியாகக் குழாயின் வாசலில் வந்து புண்ணாகி நின்றது. சேர்ஜன் பெல்ட்டைப் பார்த்தார், காற்சட்டையைப் பார்த்தார். தமிழனின் இடுப்பில் இப்படி ஒன்று கிடக்கும் என்று அந்த வெள்ளைக்கார சேர்ஜனுக்கு எப்படித் தெரியும்?

"அறுத்துவிடும் தம்பி. போற நேரத்தில அது இருக்கக்கூடாது" என்றார் கணேசலிங்கம். அவர் தலைமாட்டில் நின்று எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். புண்ணை அவர் பார்க்கவில்லை.

மகேந்திரராஜா அறுத்தான்.

தகனம் முடிந்து திரும்பும்போது காரில் அவனும் அண்ணியும் மட்டும் இருந்தார்கள். செவன் ஹில்ஸ் வரும்வரை அவன் கியரோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் இறங்க மனம் வரவில்லை.

"அண்ணி, அந்தக் கயிறு..."

"கண்டனீங்களோ?"

"அதுதான் புண்ணைக் கிளறியிருக்கு. அதாலதான் கிருமி உள்ளுக்குப் போயிருக்கு."

"தெரியும்." அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தரம் அவிழ்த்து வைச்சனான். நான் சமைக்கக் குசினிக்குள்ள போற நேரம் பார்த்துத் திரும்பக் கட்டிப்போடுவார். மாமி ஊரில இருந்து நேந்து அனுப்பினது எண்டு ஒரே பிடிவாதம். டொக்டரிட்டைச் சொல்லுவன் எண்டு வெருட்டியும் பார்த்தன். சொன்னா உன்னோட கதைக்கமாட்டன் எண்டார்."

"நீங்கள் சொல்லியிருக்கலாமே!"

கேட்ட பிறகுதான் எவ்வளவு மோசமான கேள்வி என்று அவனுக்கு உறைத்தது. அவள் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்குள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சிட்னியில் அன்று கூட்டக்கூடிய சனம் அவ்வளவுதான். கணேசலிங்கத்தின் மனைவி கல்யாணி தேத்தண்ணி ஊற்றியபடி பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்தத் தாழ்ந்த குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பை மாத்தேக்க கையை நல்லாக் கழுவ வேணும் எண்டு ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே விட்டவை. பாவம், அவளுக்கும் அலுத்துப் போயிருக்கும்."

அண்ணியின் கைகளை மகேந்திரராஜா பார்த்திருக்கிறான். சோப்பும் ஸ்பிரிட்டும் தின்று விரலெல்லாம் வெடித்துப் போயிருந்தன. எழுந்து கத்தலாமா என்று நினைத்தான். எதைச் சொல்லிக் கத்துவது? அம்மா அனுப்பிய கயிறு அண்ணனைக் கொன்றது என்றா?

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு கட்டினான். மற்றவர்களுக்கு இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு. காலையிலேயே ஊர்த் தபாற்கந்தோருக்கு டிரங்க் கோல் பதிந்திருந்தான். அம்மாவை அங்கே கூட்டிவந்து வைத்திருக்கும்படி தந்தியும் போயிருந்தது. என்றைக்காவது ஒருநாள் இந்தக் கதை "மருமகள் கவனிக்கவில்லை" என்று ஊருக்குப் போய்ச் சேரும். அதற்கு முன் உண்மை போகட்டும். நடையில் இருந்த ஃபோனுக்கும் வாசலுக்குமாக நடந்தான். வசனத்தை மனதுக்குள் கட்டினான், பிரித்தான், திரும்பக் கட்டினான். மணி அடித்தபோது அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஓப்பரேட்டர் பெண் இணைத்தாள். இரைச்சலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அழவில்லை. அழுது முடித்த குரல்.

"தம்பி, எனக்கு ஒண்டு மட்டும் சொல்லு. அவன் நான் அனுப்பின கயிறைக் கட்டினவனோ?"

கட்டியிருந்த வசனம் அத்தனையும் அவிழ்ந்து விழுந்தது.

"அம்மா..."

"ஆஸ்பத்திரியில அறுத்துப் போட்டாங்கள் எண்டு அவன் எழுதேக்கயே எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. உயிரோட இருக்கிறவன்ர கயிறை அறுக்கலாமே? அதுதான் சந்நிதிக் கோயிலுக்கு நடந்து போய் நேந்து அனுப்பினனான். அதைக் கட்டியிருந்தா என்ர பிள்ளை போயிருக்கமாட்டான். அவள்தான் கட்ட விடேல்லை. எனக்குத் தெரியும். சொல்லடா, கட்டினவனோ இல்லையோ?"

ஓம் அம்மா, கட்டினவர், அதாலதான் போனவர். ஐந்து சொல். சொன்னால் அண்ணி தப்புவாள். அந்தத் தபாற்கந்தோர்ப் படியிலேயே அம்மா முடிந்துபோவாள். வாயைத் திறந்தான், மூடினான். அண்ணன்மேல், அம்மாமேல், சந்நிதிமேல் எல்லாம் கோபம் கோபமாக வந்தது.

வெடித்த விரல்கள் அவன் கையிலிருந்து ரிசீவரை வாங்கின. சிவமணி எப்போது வந்து நின்றாள் என்று அவனுக்குத் தெரியாது.

"மாமி, நான் சிவமணி."

சனம் இருந்த ஹோலில் கோப்பைகளின் சத்தம் நின்றது.

"ஓம் மாமி. கட்டேல்லை. நான்தான் விடேல்லை. புண்ணில படும் எண்டு வாங்கி வைச்சிட்டன்."

அதன் பிறகு அம்மா போட்ட கூச்சல் ரிசீவரைத் தாண்டி வந்தது. சொற்கள் விளங்கவில்லை. என்ன சொற்களாக இருக்கும் என்று நின்றவர்களுக்கு விளங்கியது. கல்யாணி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். மகேந்திரராஜா தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி, வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை.

"ஓம் மாமி" என்றாள் சிவமணி. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ர பிழைதான் மாமி" என்றாள்.

ஓப்பரேட்டர் பெண் நடுவில் புகுந்தாள். நேரம் முடிந்துவிட்டது, இன்னும் நீட்டவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மகேந்திரராஜா ஃபோனை வெட்டிவிட அவசரமாகக் கையை நீட்டினான். சிவமணி அந்தக் கையை விலக்கினாள்.

"யெஸ், ப்ளீஸ்" என்றாள். பிறகு காலால் கதிரையை இழுத்துப் போட்டு, ரிசீவரைக் காதோடு வைத்தபடி, உட்கார்ந்தாள்.